மேய்ச்சல் நிலம்: விட்டுவைப்பவருக்கே விளைவு

கால்நடை வளர்ப்பு உழவுக்குத் துணைத்தொழில் என்று கூறுவது வழக்கம். நிலமற்ற குடும்பங்களைப் பொறுத்தவரை இக்கூற்று பொருந்தாது. அவர்களுள் பலருக்கு இரண்டு எருமைகளோ பத்து ஆடுகளோதான் முதன்மையான உடைமை. நாட்டில் விளைநிலம் பகிர்ந்து கிடக்கும் முறையைக் காட்டிலும் கால்நடைச் செல்வம் பகிர்ந்து கிடக்கும் முறை சமநிலைக்கு அருகில் இருக்கிறது. சொந்த நிலம் இல்லாதவரும் ஆடு மாடு வைத்திருக்க முடிகிறது என்பதே இதற்குக் காரணம். அவ்வாறு முடிவதற்கு, எங்கோ ஓரிடத்தில் அவர்களது கால்நடைகள் மேய்வதற்குப் பொது நிலம் இருந்தாக வேண்டும். எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத அந்த நிலமே ஏழைக் குடும்பத்தின் மறைமுக மூலதனம். அம்மூலதனம் நிலைத்திருக்குமா என்பதே மேய்ச்சல் வழிக் கால்நடை வளர்ப்பின் எதிர்காலத்தை முடிவு செய்யும் வினா.

எண்ணிக்கை காட்டும் நிலைமை

2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 53.58 கோடிக் கால்நடைகள் இருந்தன. இவற்றுள் மாடுகள் 19.25 கோடி, எருமைகள் 10.98 கோடி, வெள்ளாடுகள் 14.89 கோடி, செம்மறி ஆடுகள் 7.43 கோடி. பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது. 2023-24இல் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன்னை எட்டியது.

நிலத்தின் கணக்கு இதற்கு மாறான திசையில் செல்கிறது. நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களில் ‘நிரந்தர மேய்ச்சல் நிலங்கள்’ என்னும் தலைப்பின்கீழ் 1960-61இல் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் ஹெக்டேர் காட்டப்பட்டிருந்தது. 1980-81இல் இது 1 கோடியே 20 இலட்சமாகவும், 2010-11இல் 1 கோடியே 3 இலட்சமாகவும் சுருங்கியது. நாட்டின் மொத்தப் பரப்பில் இது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும் அளவுதான்.

இவ்விரு எண்களையும் வகுத்துப் பார்த்தால் ஒரு ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்துக்கு ஏறக்குறைய 50 கால்நடைகள் என்ற விடை கிடைக்கும். இந்த அளவில் எந்தப் புல்வெளியும் ஒரு மாதம்கூடத் தாங்காது. எனவே கால்நடைகள் உண்மையில் வேறிடங்களிலும் உணவு பெறுகின்றன என்பது தெளிவு. அறுவடை முடிந்த வயல், தரிசு, ஏரி உள்வாய், சாலையோரம், காடு, வைக்கோல், சோளத்தட்டை ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீவனத்தை அளிக்கின்றன. ஆகவே ‘மேய்ச்சல் நிலம்’ என்று பதிவேட்டில் உள்ளதை மட்டும் கருதித் திட்டமிடுவது போதாது. அதே வேளையில், பதிவேட்டில் உள்ளதும் குறைந்துவருகிறது என்பது கவலைக்குரியது.

புல் வளரும் முறை

மேய்ச்சல் நிலத்தை ஒரு வைப்புத் தொகைக்கு ஒப்பிடலாம். புல்லின் வேரும் அடித்தூரும் முதல். ஆண்டுதோறும் தழைக்கும் இலை வட்டி. வட்டியை மட்டும் எடுத்தால் முதல் நிலைக்கும். முதலிலேயே கைவைத்தால் அடுத்த ஆண்டின் வட்டியும் குறையும்.

இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பருவமழையை ஒட்டிய மூன்று மாதங்களில்தான் புல் வளர்கிறது. எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் அந்த விளைச்சலே ஆதாரம். முதல் மழைக்குப் பின் துளிர்க்கும் புல், வேரில் சேமித்து வைத்த சத்தைக்கொண்டே எழுகிறது. இலை விரிந்த பிறகுதான் வேர் மீண்டும் நிரம்பத் தொடங்கும். அத்துளிரை உடனுக்குடன் மேயவிட்டால் வேர் மெலிந்து, சுருங்கி, இறுதியில் பட்டுப்போகும். இதனால் முதலில் மறைபவை கால்நடைகள் விரும்பித் தின்னும் பல்லாண்டுப் புற்களே. ஜெய்சல்மேர்ப் பகுதியின் சேவண் புல்லும், தமிழகத்தில் கொழுக்கட்டைப் புல் எனப்படும் இனமும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் இடத்தை மழைக்கு முளைத்து மழையோடு மடியும் ஓராண்டுப் புற்கள் பிடிக்கின்றன. அதன் பின்னர் கால்நடை தீண்டாத களைகளும் முட்செடிகளும் பரவுகின்றன. கடைசியில் எஞ்சுவது வெற்று மண்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. மேய்ச்சலால் கேடு விளைவது கால்நடைகளின் எண்ணிக்கையால் மட்டும் அன்று. மேய்க்கும் காலத்தாலும் ஆகும். தழைத்து முற்றிய புல்லில் ஆறு வாரம் மேயும் பெருமந்தையைவிட, ஆண்டு முழுவதும் ஓய்வின்றிக் கரம்பும் சிறுமந்தை மிகுந்த சேதம் விளைவிக்கலாம். மேய்ச்சலே இல்லாவிடினும் பல புல்வெளிகள் புதர் மண்டிப்போகும். ஓய்வு கொடுத்து மேய்ப்பதே முறை.

நாடோடி மேய்ச்சற்காரர்களின் இடப்பெயர்ச்சி இந்த ஓய்வைத் தானாகவே அளிக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் கத்தி இனத்தவர் கோடையில் இலாகூல் முதலிய உயர்மலைப் புல்வெளிகளுக்கும், குளிர்காலத்தில் காங்ராவின் அடிவாரங்களுக்கும் மந்தைகளை நடத்திச் செல்கின்றனர். இராஜஸ்தானத்து ரைகா இனத்தவர் வறட்சிக் காலங்களில் மத்தியப் பிரதேசம் வரை செல்கின்றனர். வழியில் உழவர்களின் வயல்களில் கிடை போட்டு எருவும் தருகின்றனர். இதனை நாகரிகத்தில் பின்தங்கிய வாழ்க்கைமுறை என்று கருதுவது தவறு. மழை இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் நாட்டில், புல் இருக்குமிடத்துக்குக் கால்நடையைக் கொண்டுசெல்வது கணக்கறிந்த செயலே ஆகும்.

பொது நிலம் சுருங்கிய வரலாறு

பொருளியல் அறிஞர் என்.எஸ். ஜோதா 1986இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80க்கும் மேற்பட்ட கிராமங்களை அவர் ஆராய்ந்தார். 1950களின் தொடக்கத்துக்கும் 1980களின் தொடக்கத்துக்கும் இடையே அக்கிராமங்களில் பொதுவள நிலங்கள் 31 முதல் 55 சதவீதம் வரை குறைந்திருந்தன. இந்நிலங்களுள் பல, ஏழைகளுக்கு வழங்குவதற்கென்றே தனியுடைமையாக்கப்பட்டவை. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி ஏழையல்லாதோர் கைக்கே போய்ச் சேர்ந்ததை ஜோதா சுட்டிக்காட்டினார். ஏழைகளுக்குக் கிடைத்த துண்டு நிலங்களும் பெரும்பாலும் உழவுக்கு ஏலாதவை. அவர்கள் பெற்றது சிறிது. இழந்த பொது மேய்ச்சல் பெரிது.

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 1998இல் நடத்திய 54ஆவது சுற்று ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. பொதுவள நிலங்கள் நாட்டின் பரப்பில் 15 சதவீதம் என்றும், ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்ற வீதத்தில் அவை குறைந்துவந்தன என்றும், கிராமக் குடும்பங்களில் 48 சதவீதம் அவற்றிலிருந்து ஏதேனும் ஒன்றைச் சேகரித்தன என்றும் அவ்வாய்வு கண்டது. பதிவேட்டில் ‘தரிசு’ என்றும் ‘புறம்போக்கு’ என்றும் எழுதப்பட்ட நிலம், பாதிக் குடும்பங்களுக்குப் பயன்பட்ட நிலம் என்பது இதனால் புலனாகும்.

பொதுச் சொத்து பாழாகியே தீருமா?

இங்கு ஒரு கோட்பாட்டு வினா எழுகிறது. 1968இல் காரட் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் பொதுவுடைமையின் அவலம் குறித்த புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பொது மேய்ச்சல் வெளியில் ஒருவர் மேலும் ஒரு மாட்டைச் சேர்த்தால் அதன் ஆதாயம் முழுவதும் அவருக்கே. புல் குறைவதால் வரும் நட்டமோ அனைவருக்கும் பங்கு. ஆகவே ஒவ்வொருவரும் மாடுகளைப் பெருக்குவர், வெளி அழியும். இதுவே அவரது வாதம்.

இவ்வாதம் வேலியோ விதியோ இல்லாத நிலத்துக்குப் பொருந்தும். பின்னாளில் ஹார்டினும் தாம் கருதியது நிர்வாகமற்ற பொது நிலத்தையே என்று விளக்கினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பல நாடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்த பொது வளங்களை ஆராய்ந்து, அவை நிலைத்ததன் நிபந்தனைகளை வகுத்துக் காட்டினார். யாருக்கு உரிமை, எதுவரை எல்லை என்பது தெளிவாக இருத்தல், பயன்படுத்துவோரே விதி வகுத்தல், கண்காணிப்பு, தவறுக்கேற்ற தண்டம், இவ்வுரிமையை அரசு ஏற்றல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இவற்றின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் கூறலாம். இன்று புல்லை விட்டுவைப்பவருக்கே நாளைய புல் கிடைக்கும் என்ற உறுதி இருக்குமானால் அவர் விட்டுவைப்பார். அந்த உறுதி இல்லையெனில் எவரும் விட்டுவைக்க மாட்டார். கீழ்க்காணும் மூன்று எடுத்துக்காட்டுகள் இதனை மூன்று வகை உரிமை முறைகளில் காட்டுகின்றன.

பன்னி: உரிமை குழம்பிய புல்வெளி

குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் உள்ள பன்னி ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆசியாவின் பெரும் புல்வெளிகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. மால்தாரி எனப்படும் மேய்ச்சற்காரர்கள் இங்குப் பல தலைமுறைகளாகக் காங்ரேஜ் மாடுகளையும் எருமைகளையும் வளர்த்து வருகின்றனர். பன்னி எருமைகள் இரவில் தாமே மேய்ந்து விடியற்காலையில் பால் கறப்பதற்கு ஊர் திரும்பும் இயல்புடையவை. இவ்வினம் 2010இல் தனி இனமாக ஏற்கப்பட்டது.

1955இல் பன்னி பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நிர்வாகம் நெடுங்காலம் வருவாய்த்துறையிடமே இருந்தது. ஏட்டில் காடு, நடைமுறையில் அரசுப் புறம்போக்கு, மக்கள் மனத்தில் பொது மேய்ச்சல் என மூவகையாக அந்நிலம் கருதப்பட்டது. ரண் உவர்நிலம் முன்னேறுவதைத் தடுக்க வேண்டி 1961இல் வனத்துறை சுமார் 31,500 ஹெக்டேரில் சீமைக்கருவேல் விதைத்தது. தமிழகத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் கவ்வியுள்ள அதே மரம் இது. கச்சு மக்கள் இதனைக் ‘காண்டோ பாவள்’ என்பர். கிறுக்குக் கருவேல் என்று பொருள். கால்நடைகள் இதன் நெற்றுகளைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் புல்வெளி எங்கும் பரப்பின. நெற்றுகளை மிகுதியாகத் தின்ற மாடுகள் நலிவுற்றன. மால்தாரிகளுள் பலர் எருமை வளர்ப்புக்கு மாறினர். ஆறுகளில் அணைகள் கட்டப்பட்டதால் பன்னிக்கு வரும் நன்னீர் குறைந்து உவரும் மிகுந்தது.

மரம் வெட்டிக் கரி சுடுவதற்கான தடை 2004இல் நீக்கப்பட்டபோது வெட்டு பெருகியது. 2008இல் மீண்டும் தடை வந்தது. வெட்டிய அடியிலிருந்து சீமைக்கருவேல் மீண்டும் தழைக்கும். வேரோடு அகற்றிப் புல் விதைத்து, அவ்விடத்தை ஈராண்டு காப்பதற்குச் செலவு உண்டு. அந்நிலம் நாளை யார் பொறுப்பில் இருக்கும் என்று தெரியாத நிலையில் இச்செலவை ஏற்க எவரும் முன்வரவில்லை. 2008இல் மால்தாரிகள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பின்னர் வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சமுதாய உரிமையைக் கோரினர். 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பன்னியில் உழவுக்கென வளைக்கப்பட்ட ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டது. பன்னி தரும் பாடம் இதுவே: நல்ல நோக்கத்துடன் செய்த மரநடவும் புல்வெளிக்குத் தீங்காக முடியலாம், உரிமை தெளிவாகாத நிலத்தில் தீங்கைத் திருத்துவதும் கடினம்.

சுகோமாஜ்ரி: விட்டுவைத்தவர் பெற்ற பங்கு

சண்டிகருக்கு அருகே சிவாலிக் மலையடிவாரத்தில் அரியானாவின் சுகோமாஜ்ரி கிராமம் உள்ளது. சண்டிகரின் சுக்னா ஏரி 1958இல் அமைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் பெரும்பகுதி வண்டலால் தூர்ந்தது. மேலே இருந்த குன்றுகளில் ஆடுமாடுகள் ஓய்வின்றி மேய்ந்ததும் மரம் வெட்டப்பட்டதும் மண்ணரிப்புக்குக் காரணங்கள். மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் பி.ஆர். மிஸ்ரா குன்றுகளுக்கு வேலி போடவில்லை. 1976 முதல் சிறிய மண் அணைகள் கட்டப்பட்டு, அந்நீர் கிராமத்தின் வயல்களுக்கு வழங்கப்பட்டது.

நிலம் உடையோருக்கு மட்டும் நீர் கிடைத்தால் நிலமற்றோர் ஏன் தம் ஆடுகளைக் கட்டிவைக்க வேண்டும் என்ற வினா எழுந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிலம் இருப்பினும் இல்லாவிடினும், நீரில் சமபங்கு என்பதே கண்ட விடை. நிலமற்றோர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். இதன் பின் குன்றுகளை ஊராரே காத்தனர். ‘சமூக வேலி’ என்னும் சொல் இவ்வாறு வழக்கிற்கு வந்தது. அதுவரை ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர்களிடமிருந்த புல் குத்தகை கிராமச் சங்கத்துக்கு மாற்றப்பட்டது. வெள்ளாடுகள் குறைந்து, கட்டித் தீவனமிடும் எருமைகள் பெருகின, பாலும் பெருகியது, பாபர் புல் விற்பனையால் சங்கத்துக்கு வருவாய் வந்தது.

பிற்காலத்தில் வரியும் வனத்துறையின் பங்குமாக அவ்வருவாயில் கணிசமான பகுதி வெளியே சென்றபோது சங்கத்தின் ஊக்கம் தளர்ந்தது. ஒரே கிராமம் விதியின் உண்மையை இரு வகையிலும் மெய்ப்பித்தது. பங்கு கிடைத்தபோது காப்பு நிலவியது. பங்கு சுருங்கியபோது காப்பும் தளர்ந்தது.

கொறங்காடு: தனியுடைமையில் ஒரு மரபு

மழை குறைந்த கொங்குப் பகுதியில், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பரவியுள்ள கொறங்காடு நாட்டில் நிலைத்த தனியார் மேய்ச்சல் முறைக்குச் சிறந்த சான்று. கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள் என்பது இதன் அமைப்பு. காங்கயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இதில் வளர்கின்றன. உடையவர் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக மேயவிடுகிறார். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேல நெற்று ஆடுகளுக்கு உணவாகிறது. மரநிழல் கால்நடைகளின் வெப்பத்தைத் தணிக்கிறது.

இங்கே விட்டுவைப்பவரும் அறுவடை பெறுபவரும் ஒருவரே. எனவே விதி தானே நிலைக்கிறது. ஆயினும் இம்முறைக்கும் இரு குறைகள் உண்டு. நிலமற்றோருக்கு இதில் குத்தகையின்றி இடமில்லை. நிலவிலை உயர்ந்து மேய்ச்சல் வருவாயைப் பலமடங்கு விஞ்சும்போது, எந்தச் சட்டமும் மீறப்படாமலேயே கொறங்காடு மனைகளாக மாறிவிடும். தனியுடைமை மேய்ச்சலைக் காக்கும்; ஆனால் சந்தை விலையிலிருந்து காக்காது.

வெப்ப வாயுக் கணக்கு

மேய்ச்சல் வளர்ப்பைப் பற்றிய இன்றைய ஆய்வில் மீத்தேன் வாயுவைத் தவிர்க்க இயலாது. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் உண்டாகும் மீத்தேன், இந்திய வேளாண்மையின் வெப்ப வாயு வெளியீட்டில் பாதியளவுக்கு மேற்பட்டது. நார் மிகுந்த, சத்துக் குறைந்த தீவனம் தின்னும் விலங்கு ஒரு லிட்டர் பாலுக்கு வெளியிடும் மீத்தேன் அதிகம். ஆகவே மேய்ச்சல் முறை இயல்பாகவே தீங்கற்றது என்று வாதிடுவது சரியன்று.

ஆனால் முடிவு அத்துடன் நின்றுவிடாது. நல்ல நிலையிலுள்ள பல்லாண்டுப் புல்வெளி தன் வேர்வழியே மண்ணில் கரிமத்தைச் சேமிக்கிறது. சீரழிந்த வெளி அதனை இழக்கிறது. மனிதர் உண்ண இயலாத புல்லை உணவாக மாற்றும் விலங்கு, தானியத்துக்காக மனிதரோடு போட்டியிடுவதில்லை. உழவுக்கு ஏலாத நிலத்தில் இதற்கு மாற்றுப் பயன் பெரும்பாலும் இல்லை. புல்லின் தரம் உயர்ந்தால் ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேனும் குறையும். எனவே மேய்ச்சல் நிலத்தைச் சீரமைப்பது உழைப்பவரின் வருவாய்க்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருங்கே பயன்படும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நிலம் உரிய பெயரால் வழங்கப்பட வேண்டும். புல்வெளிகளையும் புதர்க்காடுகளையும் தரிசு என்று வகைப்படுத்தும் வழக்கம், அவற்றை எதற்கும் ஒதுக்கலாம் என்ற எண்ணத்தை வளர்க்கிறது. மரநடவு இலக்கை எட்டுவதற்காகப் புல்வெளியில் மரம் நடுவது தவிர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, உரிமை பதியப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நிலையாகத் தங்குவோர், இடம்பெயர்வோர் ஆகிய இரு சாராரின் மேய்ச்சல் உரிமையையும், நாடோடி மேய்ச்சற்காரர்களின் பருவகால உரிமையையும் ஏற்கிறது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று பணித்தது. வட்டார அளவில் நில அளவையும் எல்லைக்கல்லும் இல்லையெனில் இவ்விரண்டும் ஏட்டளவிலேயே நிற்கும்.

மூன்றாவதாக, விதியைப் பயனாளரே வகுக்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தப் பகுதியை எத்தனை வாரம் மூடுவது, எத்தனை கால்நடைகளை அனுமதிப்பது என்பதைக் கிராம சபை முடிவு செய்யலாம். நிலமற்றோரும், பெண்களும், பருவத்தில் வந்து செல்லும் மேய்ச்சற்காரர்களும் அதில் இடம்பெற வேண்டும். அவர்களை விலக்கிப் போடும் விதியை அவர்கள் மதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நான்காவதாக, வருவாய் காத்தவரிடமே தங்க வேண்டும். புல்லை ஆண்டு ஏலத்துக்கு விடுவது, அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலையற்ற ஒருவரிடம் நிலத்தை ஒப்படைப்பதாகும். நீண்டகாலக் குத்தகையைச் சங்கத்துக்கு அளிப்பதே தக்கது.

ஐந்தாவதாக, வறட்சிக்கு முன்னேற்பாடு தேவை. புல் பூத்துக் காய்வதற்கு முன் அறுத்து உலர்த்தி வைக்கும் தீவன வங்கிகள், மூடிய காலத்தில் மந்தைக்கு மாற்று உணவளிக்கும். ஜான்சியில் 1962இல் நிறுவப்பட்ட புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும், ஜோத்பூரில் 1959இல் நிறுவப்பட்ட வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கியுள்ள விதைகளும் முறைகளும் இதற்குக் கைகொடுக்கும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022இல் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழியே 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சற்காரர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது. இவ்வறிவிப்பின் பயன் விழாக்களைப் பொறுத்தது அன்று. ஒரு வட்டாரத்தில் ஒரு மேய்ச்சற்புறம்போக்கு அளக்கப்பட்டு, அதன் எல்லை நிலைநாட்டப்பட்டு, முதல் மழைக்குப்பின் எட்டு வாரம் அதனை மூடிவைத்த குடும்பங்களுக்கே அதன் புல் பங்கிடப்படுமானால், அங்கு இத்தொழில் நிலைக்கும். கால்நடைகளைக் குறைக்கச் சொல்லும் ஆணைகளைக் காட்டிலும் அந்தப் பங்கீடே வலிமையான வேலி.